கடுக்காய் பழகிய நாக்கு

1

சனிக்கிழமை காலையில் கடைக்குக் கிளம்பும்போது நான் இன்னமும் இஸ்திரி போட்ட சட்டை அணிகிறேன். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கல்யாணம், காதுகுத்து என்று அழைப்பவர்கள் இந்த ஊரில் இல்லை. நல்ல சட்டை போட்டுக்கொண்டு போக ஹாம்பர்க்கில் எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கடை ஒன்றுதான்.

ஊரில் இருப்பவர்களுக்கு அதை எப்படி விளக்குவது? கீழ்த்தளம் முழுவதும் உணவுப் பண்டங்கள். எடுத்துக் கொடுக்க ஆள் கிடையாது. வாசலில் சக்கரம் வைத்த கம்பிக் கூடைகள் நிற்கும். ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கிரேக்க நாட்டு ஆலிவ் காய்கள் உப்புநீரில் மிதக்கும். போர்ச்சுகல் மத்தி மீன் தட்டையான தகர டப்பாவில் எண்ணெயில் படுத்திருக்கும். மேலே பச்சைப் பூசணம் ஓடிய பிரெஞ்சுப் பாலாடைக்கட்டி, ஒவ்வொன்றாக மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஆரஞ்சுப் பழங்கள், அதன் பின்னே ஒயின் அடுக்குகள். ரைன் கரைப் புட்டிக்குக் கழுத்து நீளம். போர்தோ புட்டிக்குத் தோள் உண்டு. தூரத்திலிருந்தே உருவம் பார்த்து, உறவினரை அடையாளம் கண்டுகொள்வது போல, எனக்குத் தெரிந்துவிடும்.

நான் குடிகாரன் அல்ல. இரவுச் சாப்பாட்டுடன் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். குடிகாரனாக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்கு எளிது. மன்னிப்பது உங்களுக்கும் எளிது. எனக்குப் பிடித்தது வாங்குவது. ஒரு புட்டியை எடுப்பது, சீட்டைப் படிப்பது, வைப்பது, பக்கத்துப் புட்டியை எடுப்பது. ஒருவரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்காத அந்த இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரமும் என் மனைவி கனகா கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அவள் கூடையை விட்டுவிட்டு ஓரமாக இருந்த காலி ஒயின் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கால் வலி என்று நினைத்தேன்.

"ஏங்க, நான் ஊருக்குப் போறேன்" என்றாள்.

"போகலாம் கனகா. அடுத்த வருஷம் பாப்பாவுக்கும் லீவு கிடைச்சா மூணு பேருமா..."

"போய்ட்டு வர்றேன்னு சொல்லலீங்க. போறேன்னு சொல்றேன்."

ஊரில் பிணம்தான் அப்படிப் போகும். உயிருள்ளவர்கள் போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவள் தெரிந்தே சொன்னாள்.

என் இரண்டு கைகளிலும் இரண்டு புட்டிகள் இருந்தன. அப்போது நான் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இடது கையில் இருந்ததை அடுக்கில் திரும்ப வைத்தேன். வலது கையில் இருந்ததைக் கூடையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான், "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், எழுந்திரு" என்றேன்.

2

ஜவ்வாது மலையில் எங்களைத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் வேலூரில் கல்லூரிப் படிப்பு முடித்தவன். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த ஒரு முதலாளியிடம் சேர்ந்தேன். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். கடுக்காய் மலையில் விளைகிறது. ஜமுனாமரத்தூருக்கு அப்பால் அவருக்கு ஒரு டிப்போ இருந்தது. மலைக்காரர்கள் பொறுக்கிவந்து கொட்டும் கடுக்காயைத் தரம் பார்த்து வாங்கி லாரியில் ஏற்றுவது என் வேலை. மானேஜர் என்று பெயர். எனக்குக் கீழே ஒருவரும் இல்லை.

கடுக்காயைக் கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடைத்து ஒரு துணுக்கை நாக்கில் வைக்க வேண்டும். நல்ல காய் உடனே நாக்கைச் சுருட்டிப் பிடிக்கும். மழையில் நனைந்து காய்ந்த காய் சுருட்டாது, வழவழவென்று வழுக்கும். ஒரு மூட்டையில் பத்துக் காய் கடித்தால் மாலைக்குள் வாய் தோல் மாதிரி ஆகிவிடும். பிறகு வெறும் தண்ணீர் குடித்தாலும் இனிக்கும். மலையில் எனக்குக் கிடைத்த ஒரே இனிப்பு அது என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வேன். அதில் கசப்பும் இருந்தது. மழைக்காலம் வந்தால் லாரி ஏறாது. காலையில் சாமைச் சோறு, இரவிலும் சாமைச் சோறு. பேச ஆள் கிடையாது என்று நினைத்தேன். கூண்டில் அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கனகா அப்படி நினைக்கவில்லை. அவள் கண்ணமங்கலத்துப் பெண். வந்த புதிதில் டிப்போவின் பக்கத்து அறையில் உப்பு, கருவாடு, கண்ணாடி வளையல், ஊசி நூல் கொண்டுவந்து வைத்தாள். மலைப் பெண்கள் தேனும் புளியும் கொடுத்து எடுத்துப் போவார்கள். எடுத்துப் போவார்கள் என்று எழுதிவிட்டேன். ஒரு வளையல் எடுத்துப் போக அரை நாள் ஆகும்.

"இது இன்னாம்மா, வளையலா முட்டத் தோலா? ஊதுனா ஒடைஞ்சுடும் போலக்குது" என்பாள் காளி என்ற மலைக்காரி.

"ஊதிப் பாரு. ஒடைஞ்சா சும்மாவே எடுத்துக்க" என்பாள் கனகா.

காளி உண்மையிலேயே ஊதுவாள். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் ஊதுவார்கள்.

"இத்தினி புளிக்கு ஒரு கைப்பிடி உப்புதானா? உன் கை இன்னா எலி கையா?"

"உன் புளில பாதி கொட்டைடி. கொட்டைய வூட்ல வச்சிட்டு வா, ரெண்டு கை போடறேன்."

காளி கோபித்துக்கொண்டு எழுந்து நடப்பாள். வேலிவரைக்கும் போகவிட்டு, கனகா கூப்பிடுவாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் முதலிலிருந்து தொடங்குவார்கள். உள்ளே மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கூச்சல் தலைவலியாக இருக்கும். ஆளில்லாத, சத்தமில்லாத ஒரு கடையை நான் அப்போதே மனதில் கட்டிக்கொண்டிருந்தேன் போலும்.

3

வருஷத்துக்கு ஒரு முறை எனக்கு விடுதலை கிடைத்தது. அது வாங்கும் வேலையாகத்தான் வந்தது.

முதலாளியிடம் தோல் வாங்கும் ஜெர்மன் துரை ஒருவர் குளிர்காலத்தில் வருவார். மலையில் வனத்துறை பங்களாவில் தங்கி, கடுக்காய் வரும் இடத்தைப் பார்த்து, சில நாள் இளைப்பாறிப் போவார். அவருக்கு அவர் பழகிய சாப்பாடு வேண்டும். ராஜதானி முழுவதும் மதுவிலக்கு. வெளிநாட்டார் என்பதால் அவரிடம் பர்மிட் இருந்தது. நல்ல சரக்கு கிடைப்பது பாண்டிச்சேரியில். அங்கே இன்னும் பிரெஞ்சுக் கொடி பறந்த காலம். முதலாளி ஐந்து வேளை தொழுகிறவர். என்னைக் கூப்பிட்டார்.

"மானேஜரே, அந்தச் சாமான நான் பாக்க மாட்டேன், தொட மாட்டேன், பேரும் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு ஒடைஞ்சிதுன்னு வையி, உன்னத் தொலைச்சுடுவேன்."

"பேர் சொல்லாம சீட்டு எப்படி எழுதறது முதலாளி?"

"மருந்துன்னு எழுது."

"ஒரு பொட்டி நெறைய மருந்தா?"

"தொரைக்கு ஒடம்பு ரொம்ப மோசம்னு எழுதுய்யா!"

மலையிலிருந்து லாரியில் இறங்கி, கலசப்பாக்கம் வழியாகத் திருவண்ணாமலை போய், அங்கே ரயில் பிடித்து விழுப்புரம், பிறகு பாண்டிச்சேரி. கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் அந்தக் கடை. உள்ளே நுழைந்ததும் மரப்பெட்டி, காப்பிக்கொட்டை, சாக்லேட், பாலாடைக்கட்டி எல்லாம் கலந்த ஒரு வாசனை. எதைப் பார்ப்பது, எதைத் தொடுவது என்று தெரியாமல் முதல் தடவை நான் நடுவில் நின்றுவிட்டேன். அன்றுவரை என் வாழ்க்கையில் எதையும் நானாகப் பொறுக்கி எடுத்ததில்லை. படிப்பை அப்பா எடுத்தார். வேலை கிடைத்ததுதான் வேலை. பெண் பார்த்ததும் பெரியவர்கள். இங்கே ஒரு கடைக்காரர் இரண்டு டப்பாக்களை முன்னால் வைத்து, "இதா, அதா?" என்று என்னைக் கேட்டார். வாங்குவது துரைக்கு, காசு முதலாளியுடையது. இருந்தாலும் எடுத்தவன் நான். அந்த ஒரு நாளின் ருசியில் மிச்ச வருஷத்தை ஓட்டினேன்.

மூன்றாவது வருஷம் என்று நினைவு. பங்களாவில் துரை சாப்பிட உட்கார்ந்தவர், "உன் கையால் வாங்கியது, உனக்கே தெரியாதா எப்படி இருக்கிறது என்று?" என்று ஆங்கிலத்தில் சொல்லி எனக்கும் ஊற்றினார். எனக்குப் பர்மிட் கிடையாது. குடித்தேன். சிவப்பு ஒயின் நாக்கில் பட்டதும் சிரிப்பு வந்தது. கடுக்காய்! அதே சுருட்டல். இன்னொரு புட்டியிலிருந்து ஊற்றினார். அது சுருட்டவில்லை, வழுக்கியது.

"இது கெட்டது. வழியில் லாரியில் வெயில் பட்டிருக்கும்" என்றேன்.

துரை குடித்துப் பார்த்தார். முதலில் இல்லை என்றார். கொஞ்சம் கழித்து மறுபடி குடித்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். ஹாம்பர்க்கில் அவர் மைத்துனர் ஒயின் இறக்குமதி செய்கிறார், அவரிடம் கணக்கு எழுதப் பலர் இருக்கிறார்கள், நாக்குள்ள ஆள் குறைவு என்றார். பாண்டிச்சேரி கைமாறிய மறு வருஷம், வேலைக்கு வரச்சொல்லி அந்த மைத்துனரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது.

கனகாவிடம் சொன்னபோது அவள் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் மகள், எட்டு வயது மல்லிகா, பக்கத்தில் நின்றாள்.

"எத்தினி வருஷத்துக்குங்க?"

"ரெண்டு வருஷம். மிஞ்சினா மூணு."

"அப்ப கடைய காளிகிட்ட வுட்டுட்டு வர்றேன். வந்து வாங்கிக்கலாம்" என்றாள்.

4

இந்த ஊருக்கு வந்த முதல் மாதமே அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை அவளுக்கும் காட்ட வேண்டும் என்றுதான். சாமான் எடுத்தோம். காசு வாங்கும் பெண்ணின் முன்னால் வரிசையில் நின்றோம். எண்கள் அச்சான சீட்டு வந்தது. கனகா அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, நல்ல தமிழில், "எம்மா, மொத தடவை வந்துக்கிறோம். பார்த்துக் கொறைச்சிப் போட்டுக்க" என்றாள்.

அந்தப் பெண் சீட்டிலுள்ள எண்ணை விரலால் தொட்டுக் காட்டினாள். கனகா அதற்குள் அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டாள். கூடையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, போகிறவளைப் போல இரண்டடி நடந்தாள். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று காத்து நின்றாள். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பணத்தை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"இங்கெல்லாம் அப்படிச் செய்யக் கூடாது. மானம் போகுது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கடையில் வாய் திறந்ததில்லை. கூடையைப் பிடித்துக்கொள்வாள். பழகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பேசுவதற்கு வேறு இடமும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை வெளிநாட்டார் அலுவலகத்துக்குப் போய் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்பதால் என் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். முதல் தடவை அதிகாரி கனகாவைப் பெயர் கேட்டார். "கனகா" என்றாள். குடும்பப் பெயர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமனார் பேர நான் எப்படிங்க சொல்வேன்?" என்றாள் மெதுவாக.

அதிகாரி மறுபடி கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மொழி புரியவில்லை என்று எழுதிக்கொண்டார். அன்றுமுதல் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குப் பதில் நான்தான் பேசினேன். பிறகு தபால்காரரிடம் நான், வைத்தியரிடம் நான், அக்கம்பக்கத்தில் நான். ஒருவருக்குப் பதிலாக எல்லா இடத்திலும் பேசுவது உதவி என்று நினைத்தேன். அவளுக்கு வாய் இல்லாமல் போனதை நான் கவனிக்கவில்லை.

வீட்டில் ஒன்றிரண்டு சிரிப்பு மிஞ்சியிருந்தது. இனிப்பில்லாத ஒயினை இங்கே 'உலர்ந்தது' என்பார்கள். அதை ஒரு நாள் விளக்கினேன். "தண்ணியில இன்னாங்க காய்ஞ்சது, காயாதது? உங்க மொதலாளிங்க நல்லா ஏமாத்தறாங்க" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

மல்லிகாவுக்கு இப்போது இருபது வயது. வேறு நகரத்தில் மருந்துக்கடையில் வேலை. மாதம் ஒரு முறை வருவாள். என்னிடம் ஜெர்மன், அம்மாவிடம் தமிழ். அந்தத் தமிழ் எட்டு வயதோடு நின்றுவிட்டது. பெரிய பெண்ணின் வாயிலிருந்து கண்ணமங்கலத்துக் குழந்தைப் பேச்சு வரும். அதுவும் தேய்ந்துகொண்டே வந்து, இப்போது சாப்பாடு, தூக்கம், குளிர் இந்த மூன்றைப் பற்றித்தான் தாயும் மகளும் பேச முடிகிறது. கனகா காளியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள் என்றால், மல்லிகா புரிந்ததுபோல் தலையாட்டுவாள். புரியவில்லை என்று கனகாவுக்குத் தெரியும். பாதியில் நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு கரண்டி போடட்டா?" என்று கேட்பாள்.

5

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் வாங்கிய சாமானையெல்லாம் அடுக்கி வைத்தேன். பிறகு பேசினேன். சட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் இங்கே இருக்கும் அனுமதி ரத்தாகிவிடும். முத்திரை போனால் போனதுதான். மறுபடி உள்ளே விடமாட்டார்கள். சொன்னது அத்தனையும் உண்மை. அதிகாரியின் குரலில் சொன்னேன்.

கனகா முழுவதும் கேட்டாள்.

"நான் எதுக்குங்க திரும்பி வரணும்?" என்றாள்.

இத்தனை வருஷமாக அந்தச் சட்டத்தைக் கதவு என்று நினைத்துச் சாத்தி வைத்திருந்தேன். அவளுக்கு அது கதவே இல்லை.

அவள் தம்பி எழுதியிருக்கிறானாம். முதலாளி காலமாகிவிட்டார்; டிப்போ சும்மா கிடக்கிறது; அவர் மகன் தாராளமாக இருந்துகொள்ளச் சொல்கிறார். பக்கத்து அறையில் காளி இன்னும் உப்பு விற்கிறாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கனகா கடைசியில் கேட்டாள்:

"நீங்களும் வாங்களேன்."

அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். மலை வரவில்லை. பன்னிரண்டு வருஷம் வாயில்லாமல் என்னோடு நின்ற அவள் முகமும் வரவில்லை. மதுவிலக்குதான் வந்தது. வெளிநாட்டுத் தகர டப்பாகூட சர்க்கார் லைசென்ஸ் இல்லாமல் இறங்காத துறைமுகம் வந்தது. இரண்டு வேளைச் சாமைச் சோறு வந்தது. சனிக்கிழமைக் காலைகள் வரிசையாக, வெறுமையாக வந்து நின்றன. பயந்துபோனேன்.

"பென்ஷன் இருக்கில்ல. நான் இங்க இல்லேன்னா சிக்கலாயிடும்" என்றேன்.

அப்படி ஒரு சிக்கலும் இல்லை. விசாரித்து எனக்குத் தெரியும்.

கனகா என்னைப் பார்த்தாள். பேரம் முடிந்துவிட்டது என்று தெரிந்தால் அவள் முகத்தில் ஒரு அமைதி வரும். அது வந்தது.

"சரி. கேக்கறவங்களுக்குப் பென்ஷன்னு சொல்லிக்கறேன்."

மல்லிகா அடுத்த வாரம் வந்தாள். அவளிடம் ஜெர்மனில் எல்லாக் காரணங்களையும் ஒழுங்காக அடுக்கினேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்லவில்லை.

"அப்பா, உனுக்கு அம்மா வாணாம். கூடை புடிக்க ஆள் வோணும்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்த தமிழில் அதைவிடச் சுற்றிவளைத்துச் சொல்ல வார்த்தை இல்லை. அறுபது தாண்டிய என்னை எட்டு வயதுக் குழந்தை திட்டியது மாதிரி இருந்தது. கனகாதான், "அப்பாவ அப்படிப் பேசாத பாப்பா" என்று அதட்டினாள்.

கப்பல் கம்பெனிக்கு நானும் கனகாவும் போனோம். பம்பாய்க்கு என்றேன். கவுன்டரில் இருந்தவர் எங்கள் இருவரையும் பார்த்து, எத்தனை பேர் என்று கேட்டார். கனகாவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவர் கேட்கும்போது ஒரு விரலையும், பிறகு இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினார். அது எந்த ஊர்க்காரருக்கும் புரியும். கனகா என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஒரு விரலைக் காட்டினேன்.

வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. டிராம் நிற்கும் இடம் வரைக்கும் நடந்தோம். பிறகு, "மப்ளர எடுத்துக் கழுத்துல சுத்திக்கங்க" என்றாள்.

பிடிக்காத வேலை என்றும், மலை என்றும், மழை என்றும் ஒரு காலத்தில் என்னை அடைத்து வைத்தவற்றைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது என்னை யாரும் அடைக்கவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது, அவள் அதன் வழியாகத்தான் போகிறாள். எனக்குத்தான் கால் எழவில்லை. இதற்கு என்ன பெயர் என்று படித்த படிப்பில் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

இந்தக் குறிப்புகள் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கனகா மலை ஏறியிருப்பாள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்பீர்கள். பென்ஷன் என்று சொல்வாள். என் மானத்துக்காகச் சொல்கிறாள். நம்பிவிடாதீர்கள்; அதற்காகத்தான் இதை எழுதினேன். ஆனால் நம்பவில்லை என்று அவளிடம் காட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜமுனாமரத்தூர் பக்கம் போகிறவர்கள், உப்பு தேவையில்லாவிட்டாலும் அந்த டிப்போவுக்குப் போங்கள். எடுத்துக்கொண்டு, சொன்ன காசை வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். விலை கேளுங்கள். அநியாயம் என்று சொல்லுங்கள். அவள் ஏதாவது சொல்வாள், நீங்களும் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு வேலிவரைக்கும் நடங்கள். கூப்பிடுவாள். திரும்பிப் போங்கள்.